ஊதுபத்திப் புகை குடித்த எஞ்சின்

எங்கள் கார் ஓடும்போது ஒரு குறையும் சொல்லாது. நின்றால்தான் அதற்கு நடுக்கம். அந்த நடுக்கம் தாங்க முடியாத அளவுக்கு முற்றியது, என் மகளுக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்த அதே வாரத்தில்.

நான் மலைநாட்டில், மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் குடியிருப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீடுகளிலும் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி, மாத்தளை டவுன் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அதற்காக வாங்கியதுதான் இந்த ஜப்பான் கார். என் மகளைவிட அதற்கு வயது கூட. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிளாக்கர் ஐயாவிடம் வாங்கினேன். சாவியைக் கையில் தரும்போது அவர், "தம்பி, இது பழசுதான். ஆனா சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஓடினியள் எண்டால் உங்களைக் கைவிடாது" என்றார். அப்படியே கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டினேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது. பின் சீட்டில் மிளகு வாசனை ஊறிப்போய், புதிதாக ஏறுகிறவர்கள் தும்மாமல் இறங்கியதில்லை.

காருக்கு வந்த வருத்தம் இப்படி. காலைக் குளிரில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் தங்கமாக ஓடும். சூடேறியபின் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, எங்கேயாவது நிறுத்திக் காலை எடுத்தால் போதும், தொடங்கிவிடும். மேடேறி வந்து மூச்சு வாங்குகிறவன் மாதிரி எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கும். ஸ்டியரிங் நடுங்கும். கதவுக் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். முன்னால் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளையார் இடமும் வலமுமாகத் தலையாட்டுவார்.

"பாருங்க, பிள்ளையாரே வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுறாரு. வித்துத் தொலைங்க" என்பாள் என் மனைவி.

"அவர் தாளம் போடுறாரு" என்பேன் நான்.

நிறுத்தி வைத்த காரில் எஞ்சின் தானாக ஓடும் அந்த ஓட்டத்தைக் கராஜில் 'ஸ்லோ' என்று சொல்வார்கள். ஸ்லோ கெட்டுப்போன கார், கூட்டத்தில் நம் மானத்தை வாங்கும். எனக்கு அது ரயில் கேட்டில் நடந்தது. மாத்தளைக்குப் போகும் ரயில் கடந்துபோக, கேட் திறந்தது. என் கார் இரண்டு முறை குலுங்கிவிட்டு அப்படியே அணைந்துபோனது. பின்னால் பஸ். ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஐயா, தண்டவாளத்துலயே குடியிருக்கப் போறீங்களா? அடுத்த ரயில் சாயங்காலந்தான், தள்ளுங்க!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

அன்று இன்னொன்றும் கவனித்தேன். பிரேக் கல் மாதிரி இறுகியிருந்தது. முழுப் பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டியிருந்தது. என் காலுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து அதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது பெரிய பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

இனி நியமனக் கடிதத்தின் கதை. மகள் கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற வேலை. தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், ஒற்றை அறையில் பிறந்த எனக்கு, அரசாங்க முத்திரை போட்ட கடிதத்தில் என் பிள்ளையின் பெயரைப் பார்த்தபோது கண்ணீர் மறைத்துவிட்டது. வாசித்தவள் அவள்தான். "வில்கமுவ, அப்பா" என்றாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குமுன் பாடசாலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

வில்கமுவ எங்கள் மாவட்டம்தான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், கிழக்கே, வயல் பூமி. பஸ் அபூர்வம். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது. முதல் நாளே போய்த் தங்கலாம் என்றால், அங்கே அவளுக்குப் பார்த்த அறை திங்கட்கிழமைதான் காலியாகிறது. வேன் பிடிக்கலாம் என்றால், எங்கள் ஊர் வேன்கள் எல்லாம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவை, திங்கட்கிழமை எந்த வேனும் வராது. என் மச்சான் திரீவீலர் வைத்திருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தேன்.

"மெத்தையையும் கேஸ் அடுப்பையும் புள்ளையையும் திரீவீலர்ல ஏத்திக்கிட்டு அந்த மலையில ஏறப் போறீங்களா? நடு வளைவுல நின்னா, மெத்தைய விரிச்சுப் படுத்துக்குவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

ஆகவே கார்தான். மகள் படிக்கிற காலத்திலேயே நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன், "நீ வேலைக்குப் போற முதல் நாள் இந்தக் கார்லதான் போற, நாந்தான் ஓட்டுவேன்" என்று. ஏழை அப்பன் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை அதுதான். அந்த வார்த்தை இப்போது ஒரு நடுங்குகிற எஞ்சினில் மாட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நானாவின் கராஜ் இருக்கிறது. முஸ்லிம் மனிதர், என்னைவிட இளையவர், ஆனாலும் எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கை ராசியானவர். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கு' என்றுதான் வரும். திங்கட்கிழமை என்ற கெடு அவருக்கும் தெரியும். முதலில் பிளக்குகளை மாற்றினார். பிறகு பிளக் வயர்களை மாற்றினார். காபரேட்டரைக் கழற்றி, துவாரம் துவாரமாகக் கழுவிப் பூட்டினார். குலுக்கம் போகவில்லை. மறுபடியும் கழற்றிக் கழுவினார். கடைசியில் ஸ்லோ திருகாணியைக் கூட்டிவிட்டு, "இப்போதைக்கு இப்பிடி ஓட்டுங்க அண்ணன். அணையாது, கொஞ்சம் கத்தும்" என்றார். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

வியாழக்கிழமை டவுனில், கடைக்காரர் மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கத்துகிற எஞ்சினும் குலுங்கி அணைந்தது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, ஒரு நாள் பிந்திப் போனா என்ன, அதிபர்கிட்ட சொல்லிப் பார்க்கலாம்" என்றாள்.

"மூணு வருசம் காத்திருந்தது ஒரு நாள் பிந்திப் போறதுக்கா?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு முறை உண்டு. குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, அதே ஊதுபத்தியைக் கொண்டுவந்து காருக்கும் காட்டுவேன். முன்னால், நாலு சக்கரத்துக்கும், ஸ்டியரிங்குக்கு, பிறகு பொனெட்டைத் திறந்து எஞ்சினுக்கும். எஞ்சினுக்குக் காட்ட ஒரு காரணம் இருந்தது. அங்கே அம்மனின் முடிச்சு இருந்தது.

மகள் வேலைக்காகக் காத்திருக்கத் தொடங்கிய காலத்தில், மாத்தளை அம்மன் கோயிலில் நின்று நேர்ந்துகொண்டேன். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் கொண்டுவந்து உன் உண்டியலில் போடுகிறேன் தாயே என்று, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தேன். வீட்டில் வைத்தால் எங்காவது கைமாறிவிடும். கார்க் கண்ணாடியில் தொங்கவிட்டால் பார்க்கிறவன் கேள்வி கேட்பான். என் பிழைப்பை ஓட்டுவது எஞ்சின், அங்கேயே இருக்கட்டும் என்று அதற்குள் கட்டினேன். கட்டுவதற்குத் தோதாக, பின்பக்கம் ஒரு தடித்த ரப்பர் குழாய் இருந்தது. துணி அவிழ்ந்து சூட்டில் விழுந்துவிடக்கூடாதே என்று மேலே கட்டுக்கம்பியைச் சுற்றினேன். வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தி காட்டும்போது தொட்டுப் பார்ப்பேன். கொஞ்சம் ஆடினால், கம்பிக் குறட்டை எடுத்து இன்னொரு திருகு திருகிவிடுவேன். அதையும் ஒரு பூசை மாதிரிதான் செய்தேன்.

வழக்கமாக எஞ்சினை நிறுத்தி வைத்துத்தான் ஊதுபத்தி காட்டுவேன். அன்று, எப்படியாவது இன்றைக்குள் ஒரு வழி தெரிய வேண்டும் என்ற தவிப்பில், ஸ்டார்ட் செய்து சூடேற விட்டிருந்தேன். சோக்கைத் தள்ளியாயிற்று. நடுக்கம் தொடங்கியாயிற்று. ரேடியேட்டர் விசிறி இன்னும் சுற்றத் தொடங்கவில்லை. பொனெட்டைத் திறந்து, "தாயே, இது உன் வேலை, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஊதுபத்தியைச் சுற்றினேன்.

காற்றே இல்லாத காலை. புகை நூல் மாதிரி நேராக மேலே போனது. முடிச்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் அந்த நூல் வளைந்தது. மேலே போக வேண்டிய புகை கீழே குனிந்து, மஞ்சள் துணிக்குள் போய் மறைந்தது.

கையை இந்தப் பக்கம் எடுத்தேன். புகை நேராகப் போனது. மறுபடி அங்கே கொண்டுபோனேன். யாரோ உள்ளே உட்கார்ந்து உறிஞ்சுவது மாதிரி, விறுவிறு என்று உள்ளே போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மன் வந்து புகையை ஏற்றுக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். கை கூப்பிவிட்டேன். கூப்பிய கையோடு நிற்கும்போதுதான் அந்தச் சின்னச் சத்தம் காதில் விழுந்தது. 'ஸ்ஸ்' என்று, குக்கர் மூடி சரியாகப் பொருந்தாதபோது வருமே, அந்த மாதிரி. இத்தனை நாளும் எஞ்சின் சத்தத்துக்குள் அது மறைந்திருந்தது.

ஊதுபத்தியைத் தூரமாக மண்ணில் குத்திவிட்டு வந்தேன். முடிச்சோடு சேர்த்து அந்தக் குழாயைக் கையால் இறுக்கிப் பொத்தினேன்.

எஞ்சின் அடங்கியது.

அழுகிற பிள்ளையை மடியில் போட்டதும் அழுகையை நிறுத்துமே, அப்படி. ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடியது. கையை எடுத்தேன். குலுங்கியது. பொத்தினேன். அடங்கியது.

"இங்க வா! ஓடி வா!" என்று கத்தினேன். மனைவி கையில் தேங்காய்த் துருவலோடு ஓடி வந்தாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள் போல.

"கார்ல ஏறி உக்காரு."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. பிள்ளையாரப் பாரு. பாத்துச் சொல்லு."

ஏறி உட்கார்ந்தாள். பொனெட் மறைத்ததால் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. கையை எடுத்தேன்.

"ஆடுறாரு!" என்றாள் உள்ளேயிருந்து.

பொத்தினேன்.

"என்னாங்க, நின்னுட்டாரு!"

எடுத்தேன். "ஆடுறாரு!" பொத்தினேன். "நிக்கிறாரு!" மகளும் வாசலுக்கு வந்துவிட்டாள். பிறகு அவளும் ஒரு பக்கம் நின்று பார்த்து, அம்மாவோடு சேர்ந்து கத்தத் தொடங்கினாள். "ஆடுறாரு! நிக்கிறாரு!" அடுத்த வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். பரீட்சை எதிலும் முதலாவது வராத எனக்கு, அன்று முதலாவது வந்த சந்தோஷம்.

மகள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தியவள். "அப்பா, இது நீங்க கட்டின முடிச்சில்ல?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போய் வந்துதான் கராஜைத் திறப்பார். அவர் வருமுன்பே போய் வாசலில் காரோடு நின்றேன். தொப்பியோடு வந்தவர், "எனத்த அண்ணன், முகம் சிரிக்குது? வித்துட்டீங்களா?" என்றார்.

"நானா, கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். பொனெட்டைத் திறந்து, பொத்திக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு நெற்றியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"யா அல்லா! அண்ணன், ஒங்கட கார்ல எல்லாப் பைப்பையும் கழட்டிப் பாத்தேன். இந்த ஒண்ணத் தவிர."

"ஏன் இத விட்டீங்க?"

"எப்பிடிக் கை வைக்கிற? ஒங்கட சாமி முடிச்சு ஈக்குதே. மஞ்சத் துணி. அது ஒங்கட விசயம், நான் எண்ணெக் கையோட தொடப்படாதுண்டு, சுத்திச் சுத்தி வேலை செஞ்சேன். கழுவக்கொள்ளயும் அதுல தண்ணி தெறிக்காமத்தான் கழுவினேன்."

நான் கட்டியதை அம்மனுக்குப் பயந்து நான் அவிழ்க்கவில்லை, எனக்கு மரியாதை கொடுத்து அவர் தொடவேயில்லை. எங்கள் இரண்டு பேர் மரியாதைக்கும் நடுவில் அந்த ஓட்டை சுகமாக வளர்ந்திருக்கிறது.

"இது எந்தப் பைப்புண்டு தெரியுமா?" என்றார். எஞ்சின் பக்கத்திலிருந்து அந்தக் குழாய் போய்ச் சேரும் பெரிய கறுப்பு டப்பாவைக் காட்டினார். "பிரேக்குக்குப் போற பைப்பு. எஞ்சின் இதால காத்த இழுக்குற பலத்துலதான் ஒங்கட பிரேக் லேசா மிதிபடுது. இதுல ஓட்டை விழுந்தா, வேண்டாத காத்து எஞ்சினுக்குள்ள போவும். அப்ப ஸ்லோ நிக்காது. பிரேக்கும் கல்லாப் போவும். பிரேக் இறுகல்லயா ஒங்களுக்கு?"

"இறுகிச்சு. என் காலுக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன்."

"காலுக்கு ஒண்ணுமில்ல. அத மட்டும் எனக்கிட்ட சொல்லியிருந்தா, மொத நாளே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னை முறைத்தார். "காலையில குளிர்ல நல்லா ஓடினதும் அதாலதான். சோக்கு பெட்ரோலக் கூட்டிக் குடுக்கும், அப்ப ஓட்டை தெரியாது. சரி, எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

ஊதுபத்திக் கதையைச் சொன்னேன். முறைத்த மனிதர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்ரோல் வண்டிக்குள்ள நெருப்பா? காபரேட்டர் ஒழுகியிருந்தா, புகையோட சேந்து நீங்களும் மேல போயிருப்பீங்க. ஒங்கட அம்மன் நல்லவ. இனி அப்பிடிச் செய்ய வேணாம்."

இனிமேல் எஞ்சின் ஓடும்போது நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை அப்படித்தான், நிறுத்திய எஞ்சினுக்குக்கூட இப்போது விபூதி மட்டும்தான்.

குறட்டை என் கையில் தந்தார். "நீங்களே அவுத்துடுங்க. நான் தொடல்ல."

குழாயடியில் கை கழுவி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியைத் திருப்பித் திருப்பி அவிழ்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் நான் போட்ட திருகெல்லாம் ஒன்றொன்றாகப் பின்னோக்கிப் போயின. என் பக்தி எத்தனை திருகு கூடிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் துணி கறுத்து மொரமொரத்திருந்தது. அதற்கடியில், எஞ்சின் சூட்டில் காய்ந்து இறுகிய ரப்பரைக் கம்பி அறுத்து வைத்திருந்தது. விரலால் வளைத்தால் ஒரு சின்ன வாய் மாதிரித் திறந்தது.

நானா வேலையில் இறங்கினார். தடித்த புதுக் குழாயை அளந்து வெட்டினார். பழைய குழாயின் நடுவிலிருந்த சின்ன வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். ஒரு பக்கம் காற்றுப் போனது, மறுபக்கம் போகவில்லை. "இது ஒரு வழிப் பாதை. திருப்பிப் போட்டா பிரேக்கே ஈக்காது" என்று சொல்லி, முன்பு இருந்த பக்கமே பார்த்துப் பூட்டினார். இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினார்.

ஸ்டார்ட் செய்தேன். சூடேறியதும் எஞ்சின் வீறிட்டுக் கத்தியது. நான் பயந்துபோனேன்.

"பயப்படாதீங்க. நோய் ஈக்கக்கொள்ள குடுத்த மருந்து இது. நோய் போச்சு, மருந்தக் குறைக்கோணும்" என்றார் நானா. தான் கூட்டி வைத்த ஸ்லோ திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கத்தல் இறங்கி, பேச்சாகி, முணுமுணுப்பாகி, கடைசியில் ஒரே சீரான சத்தமாக நின்றது. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பூவில் கால் வைத்தது மாதிரி இறங்கியது.

நானா என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். "அந்தக் காச எஞ்சின் மேல நிமித்தி வைங்க. விழாம நிக்குதாண்டு பாப்பம்."

"இல்ல நானா, இது அம்மனோடது. இன்னொரு தரம் எஞ்சினுக்கு மேல வைக்க மாட்டேன்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தவர், எதிர்க்கடையில் பால் விடாத பிளேன்டீ இரண்டு சொன்னார். வந்ததும் ஒரு கிளாஸை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் காற்று வடிகட்டி மூடிமேல் வைத்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தேநீரின் மேல் மெல்லிய வளையங்கள் மட்டும் எழுந்தன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தக் கிளாஸை எடுத்து எனக்குத் தந்தார். அவ்வளவு ருசியான பிளேன்டீயை அதற்குமுன் குடித்ததாக ஞாபகம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி முதலில் பிள்ளையாரைப் பார்த்தாள். அவர் அசையாமல் இருந்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த முடிச்சைப் பார்த்தாள்.

"மாசித் தேருக்குக் கொண்டுபோய்ப் போடலாம்னு இருந்தேன்" என்றேன்.

"வேலை கெடச்சதும் கொண்டு வாறேன்னுதானே சொன்னீங்க? தேர் வரைக்கும் பொறுத்துக்கன்னு அம்மன்கிட்ட கேட்டீங்களா? கடிதம் வந்து எத்தனை நாளாச்சு? அவ எத்தனை தரந்தான் குலுக்கிக் குலுக்கி ஞாபகப்படுத்துவா?"

அவள் சொன்னது சரியா, நானா சொன்னது சரியா என்று நான் வாதாடப் போவதில்லை. குழாயை அறுத்தது என் கம்பி. அதைக் காட்டிக் கொடுத்தது அம்மனுக்கு வைத்த புகை. இரண்டையும் நான் கண்ணால் பார்த்தவன். சனிக்கிழமை காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அந்தக் கறுத்த முடிச்சை மகள் கையாலேயே உண்டியலில் போடச் செய்தேன். "தாயே, கட்டத் தெரியாமல் கட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று கும்பிட்டேன். திரும்பும் வழியில் அதே ரயில் கேட்டில் கேட் மூடியிருந்தது. ரயில் வரும்வரை எஞ்சினை நிறுத்தாமல், வேண்டுமென்றே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்டக்டரின் பஸ் பின்னால் வந்து நிற்காதா என்று கண்ணாடியில் பார்த்தேன். வரவில்லை. அது ஒன்றுதான் குறை.

திங்கட்கிழமை, கோழி கூவுமுன் புறப்பட்டோம். மெத்தை கூரையில், அடுப்பும் பெட்டிகளும் பின்னால், அவற்றுக்கு நடுவில் மனைவி. மகள் முன் சீட்டில், இஸ்திரி போட்ட சேலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் மலையில் ஏறும்போது வெளிச்சம் வந்தது. மேலே பனி மூட்டம். ஒரு குறுகிய வளைவில், எதிரே வந்த மரக்கறி லொறிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். லொறி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, எஞ்சின நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. ஓடுது."

"ஓடுதா?" குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை இப்போதும் பார்க்கிறேன். பின் சீட்டிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. "ஓடுது, ஓடுது. எனக்குக் கேக்குது" என்றாள் மனைவி.

பிறகு இறக்கம். கொண்டை ஊசி மாதிரி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் சொன்னபடி கேட்டது. பழைய குழாயோடு இந்த இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்று ஒரு தரம் நினைத்தேன். அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டு, சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டினேன். கீழே வயல்கள் தெரிந்தன. வில்கமுவ வந்தது.

பாடசாலை கேட்டுக்கு நாங்கள் போனபோது எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் காரைச் சுற்றி நின்று கூரையிலிருந்த மெத்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் இறங்கி, எங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நியமனக் கடிதக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை.

காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "நிப்பாட்டுங்க ஐயா, பெட்ரோல் சும்மா எரியுதே" என்றார் சிங்களத்தில்.

"இருக்கட்டும் மாத்தயா, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன் நானும் சிங்களத்தில். அவர் ஒன்றும் விளங்காமல் எஞ்சினைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அலுவலக வாசலில் மகள் தெரிந்தாள். வலது கையால் காற்றில் கையெழுத்துப் போடுவது மாதிரி காட்டினாள். "போட்டுட்டேன் அப்பா!" என்று அவ்வளவு பிள்ளைகளுக்கு முன்னால், டீச்சர் என்பதையும் மறந்து கத்தினாள்.

பின் சீட்டில் மனைவி அழத் தொடங்கியிருந்தாள். நான் இன்னும் ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரே சீராக இருந்தது. அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினேன்.